கண்ணாடிக்குள் ஒட்டிய உடல்கள்: பக்கவாட்டில் நின்று ஒரு பார்வை

1

கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பசையைப் பற்றிப் பேசுவதில்லை. கோடு, வண்ணம், ஒளி, வெளி எல்லாம் பேச்சில் வரும். எதை வைத்து ஒட்டினார்கள், ஒட்டின கை யாருடையது என்கிற பேச்சு மட்டும் வராது. 'கொலாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே ஒட்டுதல் என்றுதான் அர்த்தம். 1912-இல் பிக்காசோவும் பிராக்கும் சுவர்த்தாள், செய்தித்தாள் துண்டுகளை வெட்டி ஓவியத்தில் ஒட்டியதை நவீனக் கலையின் பெரிய உடைப்பாகக் கலை வரலாறு சொல்கிறது. சரி, உடைப்புதான். அதற்குப் பத்து வருசம் கழித்து, 1922-இல், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதன்பின் இந்தக் கரிசல் காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களும் பிள்ளைகளும் தாள் ஒட்டினார்கள். மைதா மாவுப் பசை, அதில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம். மெல்லிய மரச்சீவலில் பெட்டி, அதைச் சுற்றி நீலத்தாள், நீலத்தாளுக்கு மேலே லேபிள். கலை வரலாற்றில் இதற்கு ஒரு வரி இடமில்லை. பாரிசில் ஒற்றையாய் ஒட்டினால் கலை, எங்க ஊர்ல குரோஸ் கணக்கில் ஒட்டினால் கூலி.

இதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கலைப்பொருளைப் பார்க்கும்போது பசையிலிருந்து ஆரம்பித்தால் என்னென்ன தெரியும் என்று சோதித்துப் பார்க்கிறேன். சோதனைக்கு எடுத்துக்கொள்வது இரண்டு வகைக் கண்ணாடிகள். ஒன்று, அமெரிக்கச் சிற்பி டஸ்டின் யெல்லின் செய்கிற அடுக்குக் கண்ணாடிச் சிற்பங்கள். இன்னொன்று, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிற, செத்தவர்களின் கண்ணாடிப் படம். இரண்டுமே தாளில் இருக்கிற உருவங்களை வெட்டி ஒட்டிக் கண்ணாடிக்குள் ஒரு மனுச உடலை உண்டாக்குகிற வேலைதான். ஒன்றுக்கு மியூசியம் இருக்கிறது. இன்னொன்றுக்கு ஆணி இருக்கிறது.

2

யெல்லின் 1975-இல் லாஸ் ஏஞ்சல்சில் பிறந்தவர். நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில், துறைமுகத்தை ஒட்டிய ரெட் ஹூக் பகுதியில் பட்டறை வைத்திருக்கிறார். பயனீர் வொர்க்ஸ் என்கிற கலைக்கூடத்தை அதே பகுதியில் நிறுவியவரும் அவர்தான். அவருடைய செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகங்கள், கலைக்களஞ்சியங்கள், பத்திரிகைகளிலிருந்து சின்னச் சின்னப் படங்களாக வெட்டி எடுக்கிறார்கள். உதவியாளர்கள் உண்டு. வெட்டியதில் சிலவற்றை ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மேலே கொஞ்சம் அக்ரிலிக் வண்ணம் தீட்டுகிறார்கள். அதன்மேல் அடுத்த தகடு, அதில் வேறு துண்டுகள். இப்படியே தகடுமேல் தகடாக அடுக்கிச் சேர்க்கச் சேர்க்க, கடைசியில் கெட்டியான கண்ணாடிப் பாளத்துக்குள் ஆளுயரத்தில் ஒரு மனித உருவம் மிதக்கிறது. எட்ட நின்று பார்த்தால் ஒரு ஆள். கிட்டப் போனால் ஆயிரம் துண்டு.

'சைக்கோஜியோகிராஃபீஸ்' என்று இந்த வரிசைக்குப் பெயர். 2015-இல் இதில் 15 உருவங்கள் நியூயார்க் லிங்கன் சென்டரில், நியூயார்க் சிட்டி பாலே நடனக் குழுவின் அரங்கத்தில் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3,000 பவுண்டு எடை, நம்ம கணக்கில் 1,300 கிலோவுக்கு மேல். 2012-இல் அவர் முடித்த 'டிரிப்டிக்' என்ற முப்பகுதி வேலை 12 டன். இவற்றை நான் படங்களிலும் காணொளியிலும்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடிச் சிற்பத்தைக் கண்ணாடித் திரையில் பார்த்துவிட்டு எழுதலாமா என்று கேட்கலாம். மேற்கத்தியக் கலையைப் பற்றித் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்டதில் பெரும்பங்கு மங்கலான அச்சுப் பிரதியைப் பார்த்து எழுதியதுதான். அப்போதெல்லாம் வராத சந்தேகம் இப்போது மட்டும் வர வேண்டாம்.

யெல்லினிடம் எனக்குப் பிடித்ததை முதலில் சொல்கிறேன். ஒரு உடல் ஒரே சரக்கால் ஆனதில்லை என்று அவர் காட்டுகிறார். தூய உடல், கலப்பில்லாத உடல், பிறப்பிலேயே முழுசான உடல் என்பதை அந்தச் சிற்பம் மறுக்கிறது. சாதியின் மூலக்கதையே ஒரு முழு உடலைப் பற்றியதுதானே. தலையிலிருந்து ஒருவன், தோளிலிருந்து ஒருவன், தொடையிலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன். அந்த உடலுக்குள் எடுத்துக்கொள்ளாமல் வெளியே விடப்பட்டவர்கள் நாம். தலையிலும் காலிலும் ஒரேமாதிரி குப்பைத் தாளை ஒட்டி ஒரு மனுசனைச் செய்து நிறுத்துகிறவனை, அவனுக்கு நம் கதை தெரியாவிட்டாலும், எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது.

ஆனால் இந்தச் சிற்பத்துக்கு ஒரு பக்கவாடு இருக்கிறது. உருவம் தெரிவது முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும்தான். விளிம்புப் பக்கம் போய் நின்றால் ஆள் கலைந்து போகிறான். தகடு தகடாக அறுத்த கீற்றுகளும், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் காலி இடமும்தான் கண்ணுக்குப் படும். ரசிகனை முன்னால் நிற்கச் சொல்கிறது சிற்பம். நான் விளிம்பில் நின்றுதான் பார்க்க வேண்டியவர்களில் ஒரு ஆள். அங்கிருந்து பார்க்கும்போது ஒரு கேள்வி வருகிறது. வெட்டி எடுத்த அந்தத் துண்டுப் படங்களுக்கெல்லாம் முன்னால் ஒரு பக்கம் இருந்தது, பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது, கீழே ஒரு விளக்கம் இருந்தது. கத்தரிக்கோல் பெயரை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. எல்லோருடைய வரலாறும் ஒரே உருவத்துக்குள் மொழுமொழுவென்று ஒரு மேற்பரப்பாக ஆகிவிடுகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. யாருக்கும் வலிக்கவில்லை.

இன்னொரு விசயமும் சொல்ல வேண்டும். யெல்லின் ஆரம்பத்தில் கண்ணாடியில் வேலை செய்யவில்லை. ரெசின் என்கிற பிசினை அடுக்கடுக்காக ஊற்றித்தான் செய்துகொண்டிருந்தார். அதன் நச்சு உடம்புக்கு ஆகாது என்று கண்ணாடிக்கு மாறினார். நல்லது, மாறத்தான் வேண்டும். உடம்புக்கு ஆகாத பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பொருளுக்கு மாறுகிற உரிமை ஒரு கலைஞனுக்கு இருக்கிறது. எங்கள் பெண்களுக்கு இருந்ததா? அலுமினியப் பொடி படிந்து, வெள்ளி பூசின சிலை மாதிரி சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். டெல்லியில் மூன்று குழந்தைகளின் பேரில் 2015-இல் போடப்பட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ஆம் தேதி பட்டாசில் பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்று சொன்னது. அந்தக் குழந்தைகளின் நுரையீரல்மேல் எனக்கும் அக்கறை உண்டு. வெடிக்கிற ஒரு ராத்திரிக்காக அந்தக் கேள்வி எழுந்தது. வருசம் முழுக்க அந்த உப்பைச் சலித்து, கலந்து, அடைத்த நுரையீரலுக்காக அது எழவில்லை.

3

யெல்லின் தன் கண்ணாடி மனிதர்களுக்கு முன்மாதிரியாகச் சீனாவின் மண்சிப்பாய்ப் படையைச் சொல்கிறார். 120 உருவங்கள் செய்து நிறுத்துவது அவருடைய திட்டம். ஷியான் நகரத்துக்குப் பக்கத்தில் 1974-இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்த படை அது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சின் பேரரசனின் கல்லறைக்குக் காவலாகப் புதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான சுட்டமண் வீரர்கள்.

அந்தச் சிப்பாய்களில் பலவற்றின்மேல் அதைச் செய்த வேலைக்காரர்களின் பெயர் பொறித்திருக்கிறது. ராஜா பெருமைப்படுத்தினான் என்று நினைக்க வேண்டாம். சிலையில் கோளாறு வந்தால் ஆளைப் பிடிப்பதற்காகப் போட்ட பெயர். பட்டறை மேஸ்திரிகள் கணக்குக்காகக் குத்தின முத்திரை. ஆனாலும் இரண்டாயிரம் வருசம் கழித்து அந்தப் பெயர்கள் மேலே வந்துவிட்டன. கண்ணாடி மனிதனில் அந்த மாதிரி ஒரு பெயர் வெளியே வராது. சிற்பியின் பெயர் ஒன்றுதான் வரும்.

பெயர் என்பது நமக்கு இரண்டு பக்கமும் கூர் உள்ள சாமான். சிவகாசிச் செய்திகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். 'மருந்து செலுத்தும்போது ஏற்பட்ட உராய்வின் காரணமாக விபத்து.' இந்த வாக்கியத்தில் எழுவாய் யார்? உராய்வு. உராய்வு என்ன தானாக வந்ததா? ஒரு அறையில் இருக்க வேண்டிய ஆளுக்கு மேல் ஆள் இருந்தது, அறைக்குள் வைக்கக்கூடிய அளவுக்கு மேல் மருந்து இருந்தது, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டது, தீபாவளி ஆர்டருக்காக வேகப்படுத்தினது எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் மூடிவிடுகிறது. மிஞ்சிப் போனால் 'தொழிலாளி கவனக்குறைவு' என்று வரும். சின் பேரரசனின் முத்திரை மாதிரியே, தப்பைச் சுமக்கிறதுக்கு மட்டும் நம்ம பெயர் தேவைப்படுகிறது.

4

கண்ணாடிக்கும் உருவத்துக்கும் உள்ள உறவு தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. தஞ்சாவூரில் மராட்டியர் காலத்தை ஒட்டி வளர்ந்த கண்ணாடி ஓவியங்கள் மியூசியங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் இருக்கின்றன. கண்ணாடியின் பின்பக்கம் வரைவார்கள், முன்பக்கமிருந்து பார்ப்பார்கள். அதனால் வேலை தலைகீழாக நடக்க வேண்டும். சாதாரண ஓவியத்தில் கடைசியாக வைக்கிற கண், புருவம், மூக்குத்தி, மாலை இதையெல்லாம் முதலில் வைத்துவிட வேண்டும். பிறகு உடம்பு நிறம். எல்லாத்துக்கும் கடைசியில்தான் பின்னணி. முதலில் நகை, கடைசியில் தரை. வைத்ததை அழித்துத் திருத்தவும் முடியாது, மேலே பூசினால் அது பின்னால்தான் போகும். இந்தச் செய்முறையை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு எங்க ஊர்தான் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் ஊரையும் அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள். கோபுரமும் தேரும் முதலில். நாங்கள் பின்னணி.

பிறகு அச்சு வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்றுதான் சிவகாசியில் அச்சகங்களே வளர்ந்தன. லேபிளிலிருந்து காலண்டர், காலண்டரிலிருந்து டைரி, வாழ்த்து அட்டை. காலண்டர் சாமிகளுக்கு முகம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜு, 1898-இலிருந்து 1976 வரை வாழ்ந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டு வந்து கோவில்பட்டியில் தங்கி, அங்கே தேவி ஆர்ட் ஸ்டுடியோ நடந்தது. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்கள் அந்தப் பாணியைத் தொடர்ந்தார்கள். 1940-களிலிருந்து இவர்கள் எழுதின லட்சுமியும் முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி இந்தியா முழுக்கப் போனார்கள். இந்தப் பட்டறைகளில் நாடகத் திரை, சாமி படம், போட்டோ ஸ்டுடியோ மூன்றும் ஒன்றாக இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். போட்டோவில் முகத்தைத் துலக்கி, சுருக்கத்தை எடுத்து, நகையை ஏற்றி வர்ணம் கொடுக்கிற கை சாமி படம் எழுதுகிற கைக்குச் சொந்தக்காரக் கைதான்.

இந்தச் சாமி படங்களுக்குள் ஒரு பெரிய சரித்திரம் ஒட்டிக்கிடக்கிறது. கோயிலுக்குள் வரக்கூடாது என்று நாடார்களைத் தடுத்த சீமை இது. 1899-இல் சிவகாசியில் ஊர் எரிந்தது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908-இல் தோற்றார்கள். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சாதி, அந்தச் சாமியையே கல்லச்சில் ஏற்றி லட்சக்கணக்கில் அடித்து வீட்டுக்கு வீடு அனுப்பியது. இதில் ஒரு விடுதலை இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கருவறையைக் காகிதமாக்கியது சின்ன காரியம் இல்லை. எங்கள் காலனி வீட்டுச் சுவருக்கும் லட்சுமி வந்தது அந்த வழியில்தான். பிற்பாடு அம்பேத்கரும், இம்மானுவேல் சேகரனும் அதே அச்சில் ஏறித்தான் வந்தார்கள். ஆனால் வாசலில் நின்ற அனுபவம், தங்கள் ஆபீஸ் வாசலில் யார் எப்படி நிற்கிறார்கள் என்று பார்க்கிற கண்ணை முதலாளிகளுக்குக் கொடுத்ததா? 1976-இல் தீப்பெட்டி வேலைக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போன பஸ் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. 37 பிள்ளைகள் செத்தார்கள். அப்புறம்தான் அர்பன்ஸ் சிங் குழு வந்தது. 1991-இல் மீனம்பட்டி வெடிவிபத்தில் 39 பேர். 1996 டிசம்பர் 10-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது. பழையபடி வண்டி வண்டியாகப் பிள்ளைகளை ஏற்றிப்போவது இன்றைக்கு இல்லை. அது இந்தச் சாவுகளின்மேல் ஏறி வந்த மாற்றம்.

லட்சுமி படம் போட்ட வெடி எல்லாருக்கும் தெரியும். பத்த வைத்தால் அம்மனின் முகம் சிதறும். சாமி படத்தை வெடியில் போடுவது மதத்தைப் புண்படுத்துகிறது என்று பல ஊர்களில் கூச்சல் போட்டார்கள். காகித லட்சுமி சிதறுவதற்குப் புண்பட்டவர்கள், அந்த லேபிளை ஒட்டின மனுசி சிதறியபோது எங்கே இருந்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

5

இப்போது எங்கள் கண்ணாடிக்கு வருகிறேன்.

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். அதில் பலர் காப்பாற்றப் போன சுத்துப்பட்டு ஜனம். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1-இல் சின்னக்காமன்பட்டி. இவை பேப்பரில் பெரிசாக வந்தவை. ஒண்ணு ரெண்டாகப் போனதற்குக் கணக்கு வீட்டுச் சுவரில் இருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் படம். மேலே சின்ன சீரியல் பல்பு, பிளாஸ்டிக் மாலை. உள்ளே ஒரு பெண். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, தலையில் கனமாகப் பூ. பின்னால் ஒரு அருவி, இல்லாவிட்டால் மாடிப்படி வைத்த பங்களா. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் கழுத்துக்கு மேலே ஒரு வெளிச்சம், கீழே ஒரு வெளிச்சம். முகம் அவளுடையது. உடம்பு யாருடையதோ.

என் மதினி ஒரு பட்டாசு ஆபீஸ்ல மணிமருந்து அறையில் செத்தாள். முகம் பார்க்கிற மாதிரி வீட்டுக்கு வரவில்லை. பதினாறாம் நாளைக்குப் படம் வேண்டும். வீட்டில் இருந்தது வாக்காளர் அட்டை ஒன்றுதான். ஸ்டுடியோவுக்கு நானும் அவளைப் பெற்ற அத்தையும் போனோம். தம்பி கம்ப்யூட்டரில் அட்டையை ஏற்றி முகத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்தான். பிறகு உடம்புகளை வரிசையாகக் காட்டினான். தலை இல்லாத பட்டுச்சேலை உடம்புகள்.

"எந்தச் சேலைம்மா போடட்டும்? அரக்கா, பச்சையா?"

அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அரக்கு போடுய்யா. ரெட்டைவடம் இருக்கா? ரெட்டைவடம் போடு. அட்வான்ஸ் வாங்கி அட்வான்ஸ் வாங்கியே கழிச்சுட்டா. உசுரோட இருக்கையில ஒரு குண்டுமணி போட முடியல."

"கம்மலும் மாத்திரவா?"

"கம்மல் அவ போட்டிருக்கதே இருக்கட்டும். அது அவ வாங்குனது."

ஒரு கலைஞன் தன் கொலாஜைப் பற்றி எடுக்கிற தீர்மானங்களில் இதைவிடத் துல்லியமான தீர்மானத்தை நான் கேட்டதில்லை. எது ஒட்டினது, எது ஒட்டாமல் விட்டது என்பதற்கு அத்தையிடம் ஒரு நியாயம் இருந்தது. கிடைத்திருக்க வேண்டியது ரெட்டைவடம். கிடைத்தது கம்மல். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்தாள்.

இதைப் பற்றித் தோழர் ஒருவரோடு ஒரு முழு ராத்திரி சண்டை. அவர் வாதம் இது: "இது அப்பட்டமான மேல்நிலையாக்கம். பட்டுச்சேலை, நகை, பங்களா எல்லாமே ஆதிக்கசாதிப் பெண்ணின் உடம்பு. செத்த பிறகும் நம்ம பெண்ணுக்கு அவர்கள் உடம்பைக் கடன் வாங்குகிறோம். கருகின உடம்பை மறைக்கிறோம்." வலுவான வாதம்தான். முதல் பாதியை நான் ஒத்துக்கொள்ளவில்லை. தங்கம் யாருக்கும் பிறப்புரிமை இல்லை. நல்ல சேலை கட்டினாலும் மேல்சட்டை போட்டாலும் அடித்த சீமையில், சேலை என்பது நடந்து முடிந்த சண்டையின் ஞாபகம். அத்தை கடன் வாங்கவில்லை, பாக்கியை வசூலித்தாள். கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31-இல் போலீஸ் நுழைந்தபோது டி.வி.யையும் சான்றிதழையும் தேடித் தேடி ஏன் நாசம் பண்ணினார்கள்? நம்மிடம் நல்லதாக ஒரு பொருள் இருப்பதே ஒரு வாதம் என்று அவர்களுக்குத் தெரியும்.

தோழரின் இரண்டாம் பாதிதான் என்னை விடவில்லை. படம் எதை மறைக்கிறது? கீழே இரண்டு வரி இருக்கிறது: தோற்றம், மறைவு. பிறந்த தேதி, செத்த தேதி. எங்கே செத்தாள், எந்த வேலையில் செத்தாள் என்று இல்லை. சர்க்கரை வியாதியில் போன தாத்தா படத்துக்கும், மருந்து அறையில் போன மதினி படத்துக்கும் வித்தியாசமே தெரியாது. இது தற்செயல் இல்லை. நிவாரணப் பேச்சு, 'மேலே கொண்டுபோகாதீங்க' என்கிற பேச்சு, மிச்சம் இருக்கிற மூணு பேருக்கும் நாளைக்கு அதே ஆபீஸ்லதான் வேலை என்கிற பயம் எல்லாம் அந்த மூன்றாவது வரியைத் தின்றுவிட்டன. யெல்லினின் சிற்பத்தில் கத்தரிக்கோல் பெயரை வெட்டியது. எங்கள் படத்தில் பெயர் இருக்கிறது, சம்பவம் வெட்டப்பட்டது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் அதே காலி இடம்.

கண்ணாடி மாற்றுவதற்காக ஒருநாள் அந்தப் படத்தின் பின்னட்டையைப் பிரித்தோம். படத்துக்குப் பின்னால் தாங்கலுக்காகக் கடைக்காரர் பழைய காலண்டர் தாள் ஒன்றை மடித்து வைத்திருந்தார். லட்சுமி. ஏதோ ஒரு கடையின் பெயர், கீழே சிவகாசி அச்சகத்தின் சின்ன எழுத்து. முன்னால் கண்ணாடி, அடுத்து மதினி, அவள் முதுகுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு தெய்வம். அடுக்குச் சிற்பம் என்றால் இதுதான். செய்தவர்களுக்கே தெரியாமல் ஊரின் மொத்தப் பொருளாதாரமும் ஒரு சட்டத்துக்குள் அடுக்காகிவிட்டது.

6

எங்கள் பக்கத்திலும் இப்போது கண்காட்சிக் கண்ணாடி வந்துவிட்டது. வெம்பக்கோட்டை பக்கம், வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022 மார்ச்சிலிருந்து மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. ஆயிரக்கணக்கான பொருள்கள். கண்ணாடி மணிகள், சங்கு வளையல்கள், சுடுமண் உருவங்கள், திமிலுள்ள காளை செதுக்கின சூதுபவள மணி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்க்கிறார்கள். தமிழன் தொன்மை என்று மேடையில் பேசுகிறார்கள்.

எனக்கும் அந்த மணிகளைப் பார்க்கப் பிடிக்கும். கண்ணாடியை உருக்கி இழுத்து, ஊசி நுழைகிற துளை விட்டு, நறுக்கின கை ஒரு கைத்தொழில்காரருடையது. சங்கை அறுத்து வளையல் ஆக்கினவர் மூச்சில் சங்குத் தூள் போயிருக்கும். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. 'தொழிற்கூடம் இருந்ததற்கான சான்று' என்று எழுதுகிறோம். அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இன்றைக்கு இருக்கிற தொழிற்கூடங்களின் சான்று எங்கே? அச்சங்குளமும் இந்தப் பக்கம்தான். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின தொழிலாளியின் கைவேலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பெருமைப்படுகிற அரசு, நேற்றுச் செத்த தொழிலாளியின் பொருளை என்ன செய்தது? உருகின டிபன் பாக்ஸ், ஒத்தைச் செருப்பு, பஸ் பாஸ். அள்ளிக் குப்பையில் போட்டு இடத்தைச் சுத்தம் பண்ணியாச்சு. பழசானால் சான்று, புதுசானால் சாம்பல்.

மியூசியம் என்பதே இந்தத் தூரத்தில்தான் வேலை செய்கிறது. யாரும் நஷ்டஈடு கேட்க முடியாத அளவுக்குப் பழசானதும் தொழிலாளியை உள்ளே விடுகிறது. யெல்லின் மாதிரிக் கலைஞர்கள் இந்தத் தூரத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள், குப்பைத் தாளையும் குப்பைப் படத்தையும் உள்ளே கொண்டுவருகிறார்கள். அதுவரைக்கும் அவர்களோடு நான் இருக்கிறேன். ஆனால் உள்ளே வந்த படத்தை மூடி, காற்றுப்புகாமல் ஒட்டிவிட்டால் அது யாரையும் கேள்வி கேட்க முடியாது. திறக்கக்கூடிய பின்னட்டை வேண்டும். மதினி படத்துக்கு இருந்தது மாதிரி.

7

ஒரு விமர்சனக் கட்டுரை இங்கேயே நின்றுவிடலாம். நம்ம பத்திரிகையில் அப்படி நிறுத்துகிற வழக்கம் இல்லை என்பதால் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் இருக்கிற மாணவர்கள், ஓவியர்கள், ஸ்டுடியோக்காரப் பிள்ளைகள் சேர்ந்து இந்தப் படங்களின் ஒரு கண்காட்சியை நடத்த வேண்டும். படத்தை வீட்டிலிருந்து கழற்றக் கூடாது. அது சாமி மாதிரி அந்த வீட்டுக்கு. வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் பிரதி எடுத்துக்கொள்ளலாம். சம்மதிக்காத வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பிரதியில் சேலையையும் நகையையும் அருவியையும் மாற்றக் கூடாது. தீக்காயத்தைப் போய்ப் படம் எடுத்து வைக்கவும் கூடாது. நம்ம உடம்பைக் காயமாக மட்டும் காட்டிக் காட்டியே கலைஞர்கள் நிறையப் பரிசு வாங்கியாச்சு.

செய்ய வேண்டியது கீழே ஒரு வரி சேர்ப்பதுதான். தோற்றம், மறைவு. அதற்குக் கீழே மூன்றாவது வரியாக, எந்த அறையில், எந்த வேலையில், யாருடைய லைசென்சில், அது நாக்பூர் லைசென்சா கலெக்டர் ஆபீஸ் லைசென்சா, குத்தகைக்கு எடுத்து நடத்தினது யார், அன்றைக்கு அந்த அறையில் எத்தனை பேர். தெரிந்த மட்டும் எழுதலாம். தெரியாத இடத்தைக் காலியாக விடலாம். எந்தெந்தக் காலம் காலியாகக் கிடக்கிறது என்பதைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கோர்ட்டில் நிற்கிற வழக்குகளுக்கும் அது உதவும், நிவாரணத்துக்கு அலைகிற வீடுகளுக்கும் உதவும்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். "எழுதுனா மகனுக்கு வேலை கொடுப்பாகளா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "பின்னாடி எழுதி வைய்யி. முன்னாடி எழுத வேணாம். இவன் வேற வேலைக்குப் போனதும் திருப்பிக்கிருவோம்" என்றாள். லட்சுமி காலண்டரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைத் தாள் வைத்து பேனாவால் எழுதியிருக்கிறோம். இதுவரைக்கும் ஐந்து வீடுகளில் எழுதியாகிவிட்டது. மற்ற ஊர்த் தோழர்கள் எழுத ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகை முகவரிக்குத் தகவல் கொடுங்கள்.